இங்கே அரசியல் பேசக் கூடாது!

தேநீர்க் கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடிக் கூண்டுக்கு மேலே ஆணியில் தொங்கும் இரண்டு பலகைகளைப் பார்த்திருப்பாய், தோழா. ஒன்றில் 'கடன் அன்பை முறிக்கும்' என்றிருக்கும். மற்றொன்றில் 'இங்கே அரசியல் பேசக் கூடாது' என்றிருக்கும். முடிதிருத்தும் நிலையத்திலும் இதே பலகைதான். முகச்சவரம் செய்துகொள்ளப் போனவன் முதலில் வாயைச் சவரம் செய்துகொள்ள வேண்டும் போலும்!

முதற் பலகை நியாயமானது. பாலுக்கும் சர்க்கரைக்கும் காலையிலேயே காசு வைக்க வேண்டியவன் கடைக்காரன். கடன் சொல்லிவிட்டு நடப்பவர்களை நம்பி அவன் அடுப்பு எரியாது. ஆனால் இரண்டாவது பலகை?

அரிசி விலை ஏறிவிட்டதென்று அங்கே அழலாம். ஏன் ஏறிற்று என்று மட்டும் கேட்கக் கூடாது. பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையென்று புலம்பலாம். யாருக்குக் கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்று வினவினால் அது அரசியல்! மழையைப் பேசலாம், மாட்டுச் சந்தையைப் பேசலாம், நடிகைக்கு எத்தனையாவது திருமணம் என்பதை மணிக்கணக்கில் பேசலாம். ஆலையில் ஆள் குறைப்பதைப் பேசத் தொடங்கினால், கல்லாவிலிருந்து ஒரு விரல் பலகையை நோக்கி நீளும்.

கடைக்காரத் தோழரிடம் நமக்குக் கோபமில்லை. பேச்சு முற்றினால் உடைவது அவருடைய கண்ணாடிக் குவளை. கூட்டம் கூடினால் காவலர் வந்து விசாரிப்பது அவரை. 1976 சனவரி 31-இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டு, நெருக்கடி நிலையின் முழுச் சுமையும் தமிழ்நாட்டின் தலையில் இறங்கிற்றே, அந்நாட்களில் நாளேட்டில் எதை அச்சிடலாம் என்று தணிக்கை அதிகாரி கோடு கிழித்துக் கொடுத்தார். ஏடு நடத்துவோர்க்கே அந்தக் கதி என்றால், ஏடு வாங்கிப் போட்டு நாலு பேரைப் படிக்கவிட்ட கடைக்காரர் பலகை மாட்டியதில் என்ன வியப்பு!

எழுதி மாட்டியவர் அவர். எழுதத் தூண்டியவர்கள் வேறு. "டீக்கடையிலே உட்கார்ந்து உலக அரசியலை அளக்கிறான் பார்" என்று உதட்டைப் பிதுக்குகிறார்களே, அவர்கள்! குளிர்சாதன மண்டபத்தில் நான்கு பேர் கூடிப் பேசினால் அதற்குக் கருத்தரங்கம் என்று பெயர். வேப்பமரத்தடிப் பலகையில் அதே நான்கு செய்தியை நான்கு தொழிலாளிகள் பேசினால் அதற்கு வெட்டிப் பேச்சு என்று பெயர். கருத்து ஒன்றுதான், தோழா, நாற்காலிதான் வேறு.

இந்த உதட்டுப் பிதுக்கல் புதிதன்று. வெள்ளையன் ஆட்சியில் தேர்தல் நடந்தது. ஆனால் வாக்கு யாருக்கு இருந்தது? சொத்து வைத்திருந்தவனுக்கும், வரி கட்டியவனுக்கும், படித்தவனுக்கும். கூலிக்கு மூட்டை தூக்கியவனிடம் வாக்கில்லை. ஆகவே அவன் பேசினாலும் பேசாவிட்டாலும் எவருக்கும் கவலையில்லை. 1951-52 பொதுத் தேர்தலில்தான் மாளிகைக்காரனுக்கும் ஒரு வாக்கு, மண்வெட்டிக்காரனுக்கும் ஒரு வாக்கு என்றாயிற்று. அன்றிலிருந்துதான், அரசியல் பேசக் கூடாதென்னும் அறிவுரை நமக்கு அளவுக்குமேல் கிடைக்கத் தொடங்கிற்று!

ஆனால் வாக்கு கிடைக்கும்வரை பேசாமலா இருந்தான் உழைப்பாளி? 1918-ஆம் ஆண்டுக்கு வா. இடம், சென்னைப் பெரம்பூர். பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம் ஆலை, கர்நாடிக் ஆலை. ஆயிரமாயிரம் பேர் நெய்கிறார்கள். நெய்தவன் மானத்தை மறைக்க முழத்துணிக்கு அல்லாடுகிறான். ஆலைக்கு அருகே செல்வபதி செட்டியார் என்றொரு வணிகர், இராமானுசலு நாயுடு என்றொரு நண்பர். அவர்கள் நடத்திய சபையில் மாலை வேளைகளில் பக்திச் சொற்பொழிவு. கேட்க வந்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். சொற்பொழிவு முடிந்தபின் வீட்டுக்குப் போகாமல் நின்று பேசினார்கள். என்ன பேசியிருப்பார்கள்? நண்பகல் இடைவேளை சோறுண்ணக்கூடப் போதவில்லை என்று பேசினார்கள். மேற்பார்வையாளன் கைநீட்டி அடித்ததைப் பேசினார்கள். கூலியைப் பேசினார்கள். பக்தி கேட்க வந்த இடத்தில் பசியைப் பேசினார்கள்!

அந்தப் பேச்சை 'வெட்டிப் பேச்சு' என்று செட்டியாரும் நாயுடுவும் தள்ளிவிடவில்லை. வாடியாவை நாடிப் போனார்கள்; திரு.வி.க. வந்தார். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு குறிக்கிறதே, அது இப்படி நின்று பேசிய பேச்சில்தான் கருக்கொண்டது. முதலாளிகள் சும்மா இருந்தார்களா? உயர்நீதிமன்றம் ஏறினார்கள், சங்கத் தலைவர்கள் தொழிலாளரைத் தூண்டக் கூடாதென்று தடையாணை வாங்கினார்கள். 1921-இல் ஆறு மாதம் நீடித்த வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. சாதிப் பிளவை மூட்டி அந்தப் போராட்டத்தை உடைத்த கதை தனியாக எழுத வேண்டியது, அது நெஞ்சைச் சுடும் கதை. ஆனால் நீதிமன்றத் தடை கண்ட அதே நாடு, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் கண்டது. அந்த ஆலை இன்றில்லை, 1996-இல் மூடப்பட்டது. சட்டம் மட்டும் ஆலை மூடப்பட்ட பின்னும் நிலைத்திருந்தது.

பெரம்பூரில் வாயால் பேசியதை, பிறகு ஊரெங்கும் ஏடு பேச வைத்தது. 1925 மே 2-இல் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' வந்தது. படித்தவர் எத்தனை பேர் அன்று? பத்துப் பேரில் இருவர் தேறினால் பெரிது. ஆனால் ஏட்டுக்கு வாசகன் ஒருவன் போதும். கேட்பவர் இருபது பேர். முடிதிருத்தும் கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார். கத்தி நிற்கும், கேள்வி எழும். "புராணத்தில் இப்படியா எழுதியிருக்கிறது?" என்பார் ஒருவர். "இல்லை என்று நிரூபி" என்பார் இன்னொருவர். பாதி மழித்த தாடியோடு ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று வாதாடுவார்! ஊரார் தலையைத் தொட அனுமதித்தும், தெருவில் சரிசமமாக நடக்க அனுமதிக்காத மருத்துவர் சமூகத்துத் தோழர்கள், தங்கள் கடையைப் பள்ளிக்கூடமாக்கிக் கொடுத்தார்கள். மிதிவண்டிக் கடையும் தையற்கடையும் அப்படியே. பிறகு படிப்பகங்கள் தோன்றின. கீற்றுக் கூரை, இரண்டு விசுப்பலகை, நாலைந்து ஏடு, சுவரிலே தலைவர் படம். பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது. படிப்பகம் துணிவு கொடுத்தது.

அந்தத் துணிவின் விலை என்ன என்பதை 1938 சொல்லும். ஏப்ரல் மாதம் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை ஆணை போட்டது. மொழிப் பிரச்சினை புலவர்களுக்கு உரியது, கூலிக்காரனுக்கு என்ன என்றார்கள். ஆகஸ்ட் முதல் நாள் திருச்சி உறையூரிலிருந்து ஏறத்தாழ நூறு பேர் கால்நடையாகப் புறப்பட்டார்கள். வழிநெடுகக் கூட்டம்; வழிநெடுகப் பேச்சு. தேநீர்க் கடைப் பலகையில் பெண்ணுக்கு இடம் கொடுத்தறியாத சமுதாயம் அது, தோழா, இன்றும் பெரிதாகக் கொடுத்துவிடவில்லை. ஆனால் அந்தப் படையில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நடந்தார். 42 நாள் நடந்தார். செப்டம்பர் 11-இல் சென்னைக் கடற்கரை வந்து சேர்ந்தார்கள். சிறைப்பட்ட நிலையில் 1939 சனவரி 15-இல் நடராசன் மாண்டார். மார்ச் 12-இல் தாளமுத்து மாண்டார். இருவரும் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். எந்தப் புலமைக்குழுவும் அவர்களைக் கருத்துக் கேட்டதில்லை. 1940 பிப்ரவரி 21-இல் கட்டாயம் ஒழிந்தது.

ஏடு போகாத இடத்துக்கு நாடகம் போயிற்று. நாடகம் போகாத இடத்துக்குப் படம் போயிற்று. உடனே பழைய உதடு மறுபடி பிதுங்கிற்று. கூத்தாடிகள் கட்சி என்றார்கள்! தமிழன் சினிமாவில் மயங்கி வாக்குப் போடுகிறான் என்று இன்றுவரை ஆங்கில ஏடுகளில் எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள்.

மயங்கினானா? என்.எஸ்.கிருஷ்ணனின் கிந்தனாரை எண்ணிப் பார். நந்தனார் கதையை ஊரறியும். சிதம்பரம் போக ஏங்கினான், தீயில் புகுந்தான், சோதியில் கலந்தான். காலங்காலமாகக் காலட்சேபம் செய்து நம்மைக் கண்ணீர்விட வைத்தார்கள். கலைவாணர் அதே காலட்சேபப் பாணியை எடுத்தார். அவருடைய கிந்தன் சிதம்பரத்துக்கு ஏங்கவில்லை, பட்டணத்துக்கு ஏங்கினான். தீயில் ஏறவில்லை, ரயிலில் ஏறினான். படித்தான், பள்ளியை மேற்பார்வையிடும் அதிகாரியாகத் திரும்பினான். 1949-இல் அண்ணாவின் கதையில் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இடம் பெற்றது. கொட்டகை குலுங்கிச் சிரித்தது. சிரித்துவிட்டு வெளியே வந்தவன் என்ன கேட்டான்? "நந்தனை ஏன் தீயில் இறக்கினார்கள்?" என்று கேட்டான். மயங்கியவன் கேட்கும் கேள்வியா இது!

1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' வந்தது. கலைஞரின் உரையாடல், கணேசன் என்னும் புதுமுகம். தடை செய் என்று கூக்குரல் எழுந்தது, படம் ஓடிற்று. நீதிமன்றக் காட்சி உரையாடலை மனப்பாடம் செய்யாத இளைஞன் அந்நாளில் அரிது. தெருமுனையில் ஒருவன் பேசிக் காட்டுவான். தவறவிட்ட சொல்லைக் கூட்டத்திலிருந்து ஒருவன் எடுத்துக் கொடுப்பான். எழுதப் படிக்கத் தெரியாத தோழர்கள்கூட அடுக்கடுக்காகச் சொல்லக் கேட்டு மகிழ்ந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். மேடையில் வாய் திறக்கக் கூசிய தலைமுறைக்கு அந்தப் படம் நாவைத் திறந்துவிட்டது.

எம்.ஆர்.ராதாவோ இன்னும் ஒருபடி மேலே. அன்றைய நாளேட்டுச் செய்தியை அன்றைய நாடகத்திலேயே சேர்த்துப் பேசுவார். எழுதிக் கொடுத்த பிரதிக்கும் மேடையில் பேசிய பேச்சுக்கும் உறவே இராது! காவல்துறை எதைத் தடை செய்யும்? தடை செய்த நாடகத்தை வேறு பெயரில் போடுவார். 1954-இல் நாடக நிகழ்ச்சிச் சட்டம் கொண்டு வந்தார்கள். அவரை மனத்தில் வைத்துத்தான் அந்தச் சட்டம் என்று ஊரே பேசிற்று. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2013 ஆயிற்று. ராதா மறைந்தது 1979-இல். பேசியவர் போய் முப்பத்து நான்கு ஆண்டுக்குப் பிறகு பேச்சுக்கு விடுதலை!

இனி, மயக்கக் கணக்கைப் பார்ப்போம். கழகம் 1957-இல் 15 இடம், 1962-இல் 50 இடம், 1967-இல் கோட்டை. திரைமயக்கம் என்றால் ஒரே இரவில் வந்திருக்க வேண்டும். பத்தாண்டு தெருத்தெருவாகப் பேசியல்லவா வந்தது! அதுவும் 1962-இல் கழகம் 50 இடங்களில் வென்றபோது, காஞ்சியில் அண்ணாவையே தோற்கடித்தார்கள். 1967-இல் விருதுநகரில் காமராசரை ஒரு மாணவர் தலைவரிடம் தோற்க வைத்த அதே தமிழர்கள், 1969 சனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நடிகர் திலகத்தின் நடிப்பைக் கண்டு அழாத கண் உண்டா? 1989-இல் தனிக்கட்சி கண்டு திருவையாற்றில் நின்றார். கண்ணீர் தந்தவர்கள் வாக்குத் தரவில்லை. நம்மை மட்டும் விட்டுவைத்தார்களா? 1991-இல் இரண்டே இடங்களில் நிறுத்தினார்கள். 1996-இல் முதலமைச்சராக இருந்தவரையே பர்கூரில் தோற்கடித்தார்கள். படத்தைப் படமாகவும் பதவியைப் பதவியாகவும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன் இந்த நாட்டு உழைப்பாளி.

அதற்காகக் கடைப் பேச்சிலே எல்லாம் முத்து என்று நான் சொல்ல வரவில்லை. எம்.ஜி.ஆரா சிவாசியா என்று மண்டை உடைத்துக்கொண்ட காலமும் உண்டு. அந்த மண்டைகளுக்குக் கட்டுப் போட்ட செலவில் நாலு படிப்பகம் கட்டியிருக்கலாம்! இன்னொன்று, படத்தையே வரலாறு என்று சாதிக்கும் பழக்கம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959-இல் வந்தது. சாக்சன் துரையை எதிர்த்துக் கணேசன் முழங்கும் காட்சி இன்றும் மயிர்க்கூச்செறியச் செய்யும். அது சக்தி கிருஷ்ணசாமியின் எழுதுகோல் முழக்கம். கட்டபொம்மன் அப்படியே பேசினான் என்று சத்தியம் செய்கிறவரை எந்தக் கடையிலும் பார்க்கலாம். சத்தியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நடந்ததைக் கேள். 1798-இல் கலெக்டர் சாக்சன், வந்து பார் என்று சொல்லிவிட்டு, குற்றாலத்தில் பார்க்காமல் ஊர் ஊராகப் பாளையக்காரனை அலையவிட்டான். கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்திப்பு, கைகலப்பு, கும்பினித் தளபதி ஒருவன் சாவு. விசாரணைக் குழு அமைத்தது கும்பினி. குழு யாரைக் குற்றம் சொல்லிற்று தெரியுமா? சாக்சனை! கலெக்டர் பதவியிலிருந்து அவன் நீக்கப்பட்டான். தன் ஆளே தவறு செய்தான் என்று ஒப்புக்கொண்ட அதே கும்பினி, மறு ஆண்டு, 1799 அக்டோபர் 16-இல், கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டது. படத்து முழக்கத்தைவிட இந்தச் செய்தியிலல்லவா ஏகாதிபத்தியத்தின் முகம் தெரிகிறது! இதைச் சொல்ல ஒரு தோழன் கடையில் இருந்தால், சத்தியம் செய்தவர் ஒரு வாரம் யோசிப்பார்.

இதற்குத்தான் நேருக்கு நேர் பேச்சு வேண்டும் என்கிறேன். கடையில் ஒருவன் பொய் சொன்னால், அதே பலகையில் அமர்ந்தவன் "நிறுத்தப்பா, எங்கே பார்த்தாய்?" என்று கேட்பான். சொன்னவன் நாளைக்கும் அதே கடைக்கு வந்தாக வேண்டும். ஆகவே அளந்து பேசுவான். இப்போது பலகையின் கட்டளைக்கு எல்லாரும் பணிந்துவிட்டார்கள். கடையில் பேச்சில்லை. ஆளுக்கொரு கைப்பேசி; குனிந்த தலை. அரசியல் நின்றுவிட்டதா? இல்லை, கேள்வி கேட்க ஆளில்லாத இடத்துக்குக் குடிபோய்விட்டது. யார் சொன்னது, எங்கே நடந்தது, ஒன்றும் தெரியாது. வந்ததைத் தள்ளிவிடுகிறான் அடுத்தவனுக்கு.

2023 மார்ச்சில் என்ன நடந்தது என்பதை மறந்துவிடாதே. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை வெட்டிச் சாய்க்கிறார்கள் என்று காணொளிகள் வடபுலமெங்கும் பறந்தன. திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்த பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து தாய் அழுதுகொண்டே தொலைபேசியில் கூப்பிடுகிறாள். காவல்துறை ஆராய்ந்தது. ஒரு காணொளி, வடபுலத் தொழிலாளரே இரு பிரிவாகத் தங்களுக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த கொலை. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் நேரில் வந்து பார்த்தார்கள். முதலமைச்சர்கள் தொலைபேசியில் பேசினார்கள். நம் அதிகாரிகள் ஆலைகளுக்கும் தங்குமிடங்களுக்கும் போய் அவர்கள் மொழியிலேயே அஞ்சாதீர் என்றார்கள். இந்தித் திணிப்பை எதிர்த்து உயிர் கொடுத்த நாடு, இந்தி பேசும் தொழிலாளிக்கு இந்தியிலேயே ஆறுதல் சொல்லிற்று. இதில் முரண் காண்பவனுக்குத் திணிப்பு என்றால் என்னவென்றே தெரியாது.

சரி, அந்தப் பொய் அங்கிருந்து வந்தது. இங்கே நம் கடைகளில் முணுமுணுக்கும் பேச்சு என்ன? "வடக்கத்தியான் வந்து வேலையைப் பிடுங்கிக்கிட்டான் அண்ணே!" இதையும் நிறுத்திக் கேட்க வேண்டாமா? 'பராசக்தி'யை மனப்பாடமாகச் சொல்கிறாயே, அதில் வரும் அண்ணன்மார் மூவரும் எங்கிருந்து வந்தார்கள்? இரங்கூனிலிருந்து! பிழைக்கப் போன இடத்தில் போர் மூண்டு, அகதியாகத் திரும்பியவர்களின் கதையல்லவா அது! பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய நம் பாட்டன்மாரை, அங்கிருந்தவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று உன் வீட்டுப் பெரியவரைக் கேள்.

கேட்டுவிட்டு, அடுத்த முறை கடைக்குப் போகும்போது உனக்குத் தேநீர் ஆற்றித் தரும் பீகார்ப் பையனிடம் பேச்சுக் கொடு. முதலில் ஊர்ப்பெயர் கேள். பிறகு கட்டட வேலைக்குப் போயிருக்கும் அவன் அண்ணனுக்கு நாட்கூலி எவ்வளவு, அதில் ஆள் பிடித்து வந்தவன் எடுத்துக்கொள்வது எவ்வளவு, நாளுக்கு எத்தனை மணிநேர வேலை, தூங்குவது எங்கே, இதையெல்லாம் கேள். உன் கூலியையும் அவனுக்குச் சொல். கடைக்காரர் பலகையைக் காட்டினால், கூலிக் கணக்குத்தான் பேசுகிறோம் அண்ணே என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு தேநீர் வாங்கிக்கொள்.